பள்ளிக்கூடத்து அடுப்பும் ஒரு சொல்லாத பேரும்

கோக்-சாய் பள்ளிக்கூடத்து அடுப்பு வெடித்தபோது இரண்டாம் வகுப்பில் கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தது. டப்பென்று ஒரு சத்தம். சுவரில் மேலிருந்து கீழாக விரல் நுழையும் அகலத்துக்கு ஒரு பிளவு. அதிலிருந்து கருகருவென்று புகை. பிள்ளைகள் வெளியே ஓடிவந்து நின்றபோது எல்லார் மூக்கிலும் கரி. டீச்சர் அழுதாள், பிள்ளைகள் சிரித்தார்கள். இனி வசந்தம் வரைக்கும் லீவுதான் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

அந்த அடுப்பு சமையல் அடுப்பு இல்லை. இரண்டு வகுப்பறைகளுக்கும் நடுவில், சுவரோடு சுவராக, கூரை தொடும் உயரத்துக்குச் செங்கல்லில் எழுப்பியது. கீழே வறட்டியும் நிலக்கரியும் எரிந்தால், புகை உள்ளுக்குள்ளேயே ஏறி இறங்கி வளைந்து போகும். சுவர் முழுக்கச் சுடும். சோவியத் யூனியன் இருந்த காலத்தில் கரி லாரி லாரியாக வந்தது. யூனியன் உடைந்து சில வருஷம் ஆகிவிட்டது. இப்போது கரி வரப்போகிறது என்ற செய்திதான் வருகிறது.

செய்தியை எரித்துக் குளிர்காய முடியாது என்பதால் கோக்-சாயில் பெற்றோர் குழு என்று ஒன்று இருந்தது. குழு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்று பெண்கள். தலைவி சைரகுல். அவள் தலைவியானதற்குக் காரணம், கூட்டத்தில் "யார் பொறுப்பு எடுத்துக்கிறீங்க?" என்று ஹெட்மாஸ்டர் ஒஸ்மோன் கேட்டபோது மற்றவர்கள் எல்லாரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டதுதான். இரண்டாவது ஆள் ஜிபெக். ஜிபெக் என்றால் பட்டு. பெயருக்கும் அவள் குரலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவள் மாட்டைக் கூப்பிட்டால் அடுத்த மலையில் மேய்கிற மாடும் திரும்பிப் பார்க்கும். மூன்றாவது அனார். பேசமாட்டாள், ஆனால் எந்த வேலைக்கும் முதலில் வந்து நிற்பாள்.

இவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. கோடை முடிகிறபோது வகுப்புக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜன்னல் இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, மாவுப் பசை காய்ச்சி, பழைய பேப்பரைக் கிழித்து ஒட்டினார்கள். வீடு வீடாகக் கோணியோடு போய் வறட்டி கேட்டார்கள். பெருக்குகிறவள் சம்பளம் வராமல் நின்றுபோனதும் முறை வைத்துத் தரை கழுவினார்கள். கணக்கு வாத்தியார் தன் நிலத்து உருளைக்கிழங்கு தோண்டப்படாமல் கிடக்கிறது என்று பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டபோது, ஜிபெக் போய், "நீங்க உள்ள போயிப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் குடுங்க, கிழங்க நாங்க பாத்துக்கிறோம்" என்று அவரை அனுப்பிவிட்டு, மூன்று பேருமாக அவர் நிலத்தைத் தோண்டி மூட்டை கட்டி வீட்டில் அடுக்கிக் கொடுத்தார்கள். அதற்காக யாரும் மாலை போடவில்லை. கிழங்கில் மண்வெட்டி பட்டிருக்கிறது என்று வாத்தியார் பெண்டாட்டிதான் குறை சொன்னாள்.

சைரகுலின் மாமியார் ஷரிப்பாவுக்கு இந்தக் குழு சமாச்சாரம் பிடிக்கவே இல்லை. "மருமக இருக்கான்னுதான் பேரு. மாட்ட நான் கறக்குறேன், சாணிய நான் அள்றேன். மகாராணி பள்ளிக்கூடத்துக்குத் தரை தொடைக்கப் போறா. நம்ம வீட்டுத் தரைக்குத்தான் அவ கை ஆகாது" என்று கேட்கிற மாதிரியே முணுமுணுப்பாள். சைரகுலின் புருஷன் எசென் எல்லை தாண்டி வெங்காய வயலில் கூலிக்குப் போயிருந்தான். பனி முற்றினால் வருவான், முற்றாவிட்டால் வரமாட்டான். அதனால் வீட்டில் நடுவராக ஆளில்லை. மாமனார் இருந்தார், ஆனால் அவர் பெண்கள் பேச்சில் தலையிடாத மனுஷன். குதிரை, செம்மறி, தன் காது மூடும் தோல் தொப்பி, இவ்வளவுதான் அவர் உலகம்.

அடுப்பு வெடித்த மறுநாள் ஹெட்மாஸ்டர் மூன்று பெண்களையும் கூப்பிட்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் மேலிடத்துப் பேச்சைச் சொல்லும்போது அவர் குரலும் மேலிடத்துக் குரலாகிவிடும்.

"வட்டாரக் கல்வி ஆபீஸ்லேருந்து திங்கக்கிழமை ஆள் வர்றாரும்மா. வகுப்பு சூடா இல்லேன்னா பள்ளிக்கூடத்த வசந்தம் வரைக்கும் பூட்டிரச் சொல்லிட்டாங்க. பிள்ளைங்கள எல்லாம் கீழூர் விடுதியில சேத்துருவாங்களாம்."

"சின்னதுங்களையுமா?" என்றாள் சைரகுல்.

"எல்லாத்தையுந்தான். பனியில பாதை மூடிக்கிச்சுன்னா நடுவுல வந்து பாக்கவும் முடியாது. நான் என்னம்மா பண்றது, என் கையில என்ன இருக்கு?"

சைரகுலின் மகள் பெர்மெத் இரண்டாம் வகுப்பு. கெட்டிக்காரி. ஆனால் இன்னும் படுக்கையில் மூத்திரம் போய்விடுவாள். டாக்டர் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார். வீட்டில்கூட ஒரு ஈ காக்கைக்குத் தெரியாமல் சைரகுல் அதைக் காப்பாற்றி வைத்திருந்தாள். கீழூர் விடுதியில் இருபது கட்டில் வரிசையாகப் போட்ட ஒரே கூடம். முதல் நாள் காலையில் போர்வையை விலக்கினாலே போதும். அப்புறம் அந்தப் பிள்ளைக்குப் பெயரே மாறிவிடும். பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறி, கல்யாணமாகி, கிழவியாகும் வரைக்கும் அந்தப் பெயர் போகாது. சைரகுலுக்கு இதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. "அடுப்ப நாங்க கட்டிருவோம் சார்" என்று மட்டும் சொன்னாள்.

"எப்படிம்மா?"

"அஷார் போடுவோம்."

அஷார் என்றால் ஊர் கூடி ஒரு வீட்டு வேலையைச் செய்துகொடுப்பது. கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. கூப்பிட்டால் வராமல் இருக்கக் கூடாது. வந்தவரை வேண்டாமென்று திருப்பி அனுப்பவும் கூடாது. ஆனால் கூப்பிட வேண்டும். ஊரையெல்லாம் கூப்பிட்டுவிட்டு ஒருத்தரை விட்டால், அவர் சாகும்வரை மறக்கமாட்டார்.

அடுப்புக்குத் தேவையானது எல்லாம் ஊரிலேயே இருந்தது. பழைய செங்கல்லைச் சுரண்டி எடுத்துக்கொள்ளலாம். களிமண் ஆற்றோரத்தில். வைக்கோல், உப்பு, குதிரை முடி வீட்டுக்கு வீடு. இல்லாதது அடுப்பு வாய்க்கு மேலே வைக்கிற இரும்புத் தட்டு. பழையது இரண்டாகப் பிளந்திருந்தது. இங்கேதான் சைரகுலுக்குச் சிக்கல்.

அவள் மாமனார் பெயர் தெமிர்குல். தெமிர் என்றால் இரும்பு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அந்தப் பெயரில் இருக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சைரகுல் இரும்பு என்று சொன்னதில்லை. இரும்பு வாளி அவளுக்கு 'கறுப்பு வாளி'. இரும்புக் கட்டில் 'சத்தம் போடுற கட்டில்'. தெமிர் என்று தொடங்கும் பெயர்க்காரர்கள் எல்லாரும் அவளுக்கு 'போலோத்'. போலோத் என்றால் எஃகு, இரும்புக்கு உறவுதானே. அவர் இல்லாத இடத்தில் சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று ஜிபெக் கேட்பாள். வெளியே ஒரு தடவை பழகினால் வீட்டில் தவறிப்போய் வந்துவிடும் என்பது சைரகுலின் பயம்.

"தட்டு யார் வீட்டுல இருக்கு? அந்தக் கெட்டித் தட்டு" என்றாள்.

"கெட்டித் தட்டாம், கெட்டித் தட்டு! இரும்புத் தட்டுன்னு நான் சொல்லிட்டுப் போறேன், எனக்கென்ன? என் மாமனார் பேருக்கு அர்த்தம் வெறும் ஆட்டுக்குட்டி" என்று சிரித்தாள் ஜிபெக். "கூட்டுப் பண்ணைக் குளியல் கூடத்து அடுப்புத் தட்ட கோழிக்கடை மேதெர் பிச்சுட்டுப் போனான் தெரியுமா? அவன் வீட்டு முற்றத்துல அதுலதான் கொழுப்பு வறுக்குறாங்க."

மூன்று பேரும் போனார்கள். மேதெர் வீட்டில் இல்லை. அவன் பெண்டாட்டி தட்டின் மேல் போர்சோக் என்கிற மாவுத் துண்டுகளைப் பொரிக்க எண்ணெய்ச் சட்டியை வைத்திருந்தாள். ஜிபெக் உட்கார்ந்து இரண்டு போர்சோக்கை வாயில் போட்டு, அருமை அருமை என்று பாராட்டினாள். பிறகு, "சட்டிய இறக்கு தங்கச்சி" என்றாள்.

"எதுக்கு அக்கா?"

"உன் மூத்தவன் எத்தனாவது படிக்கிறான்?"

"நாலாவது."

"அவன் சூடா உக்காந்து படிக்கணுமா வேண்டாமா? இறக்கு."

"அவரு வந்தா என்னக் கொல்லுவாரு அக்கா!"

"வரச்சொல்லு. நான் இன்னும் சாகல" என்றாள் ஜிபெக். அனார் அதற்குள் தானே சட்டியை இறக்கி வைத்து, துணியைச் சுற்றித் தட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசல் தாண்டியிருந்தாள். கொதிக்கிற தட்டு. அவள் முகம் சுளிக்கக்கூட இல்லை.

அடுப்பு கட்டத் தெரிந்தவர் அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒருவர்தான். மேடு தாண்டி ஆக்-தெரெக்கில் இருந்தார். உள்ளே புகை போகும் வழியை யார் வேண்டுமானாலும் கட்டலாம், ஆனால் புகை அந்த வழியில் போக வேண்டுமே. அவர் கட்டினால் போகும். அவர் பெயர் தெமிர்பெக்.

அன்றைக்குச் சாயங்காலம் லாரிக்காரன் ஷார்ஷென் ஆக்-தெரெக் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தான். ஊருக்குப் புதியவன். என்ஜினை அணைத்தால் மறுபடி உயிர் வராது என்று ஓடவிட்டே வைத்திருந்தான். சைரகுல் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"தம்பி, ஆக்-தெரெக்குல போலோத் அண்ணன்கிட்டச் சொல்லிரு! நாளக்கழிச்சு எங்க பள்ளிக்கூடத்துல அஷார். அவரு கண்டிப்பா வரணும். அவரு இல்லேன்னா ஒண்ணும் நடக்காது. சாமானெல்லாம் எடுத்துட்டு வரச்சொல்லு!"

"போலோத்தா?"

"போலோத்துதான். யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"சரிக்கா" என்று கியரைப் போட்டான். சைரகுல் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். கோக்-சாயில் அவள் போலோத் என்றால் யார் என்று நாய்க்குட்டிக்கும் தெரியும். ஷார்ஷென் கோக்-சாய்க்காரன் இல்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அஷார் அன்று விடிந்ததும் ஊரே பள்ளிக்கூடத்தில் இருந்தது. வானம் தாழ்ந்து சாம்பலாய்க் கிடந்தது. வருவேன் வருவேன் என்று பனி மேட்டுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தது. ஆண்கள் பழைய அடுப்பை இடித்தார்கள். ஆண்களுக்கு இடிக்கிற வேலை என்றால் தனி உற்சாகம். பெண்கள் செங்கல்லை ஒவ்வொன்றாகச் சுரண்டி அடுக்கினார்கள். சைரகுலும் அனாரும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஐஸ் மிதக்கிற தண்ணீரில் களிமண்ணை மிதித்தார்கள். கால் மரத்துப்போனதும் வெந்நீர் வாளியில் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு மறுபடி இறங்கினார்கள். சைரகுலின் மாமனாரும் வந்து கல் சுமந்தார். ஷரிப்பாகூட வந்து, "என் பேத்தி படிக்கிற இடம்ங்கிறதால வந்தேன், வேற யாருக்காகவும் இல்ல" என்று அறிவித்துவிட்டு மாவு பிசைய உட்கார்ந்தாள். சாப்பாட்டுக்கு மாவு இழை போட்ட கிழங்குச் சாறுதான் ஏற்பாடு. கறி என்ற பேச்சே இல்லை.

பொழுது ஏறிவிட்டது. அடுப்பு இருந்த இடத்தில் இப்போது ஒரு கரிக்குழி மட்டும். அப்போதுதான் வேலிப்பக்கம் ஒரு பருத்த மனுஷன் குதிரையிலிருந்து இறங்கினார். சிவந்த முகம், வாயெல்லாம் சிரிப்பு. சேணத்திலிருந்து ஒரு தோல் சுருளை எடுத்துப் பிரித்தார். உள்ளே வரிசையாகக் கத்திகள்.

"பள்ளிக்கூடத்துல அஷார், பெரிய விருந்துன்னு சொல்லி அனுப்பிச்சீங்களாமே! நான் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னீங்களாமே! இத்தன வருஷத்துல இவ்வளவு மரியாதையா யாரும் என்னக் கூப்பிட்டதில்ல. எங்க? உருப்படி எங்க கட்டியிருக்கு?"

எல்லாரும் கத்திகளை எட்டிப் பார்த்தார்கள்.

"நீங்க யாரு அண்ணே?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"நான்தான்யா போலோத்! ஆக்-தெரெக் போலோத். ஆடு அறுக்கிறவன். எந்தக் கல்யாணத்துலயும் என் கத்திதான்."

சைரகுலுக்குக் களிமண்ணில் நின்றிருந்த கால் அப்படியே அதிலேயே புதைந்துபோனால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. ஜிபெக் முதலில் புரிந்துகொண்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு செங்கல் குவியல் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறது, சிரிப்பு நிற்கவில்லை. "அடியே சைரா... அடுப்பு கட்ட... கசாப்புக்காரரக் கூப்பிட்டிருக்கியேடி!"

சிரிப்பு ஊர் முழுக்கப் பரவி, கரிக்குழியைப் பார்த்ததும் தானாக அடங்கியது. இடித்தாகிவிட்டது. கட்ட ஆளில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

"இதுக்குத்தான் பொம்பளைங்ககிட்டப் பொறுப்பக் குடுக்கக் கூடாதுங்கிறது" என்றான், தட்டைப் பறிகொடுத்த மேதெர்.

"நீ வாய மூடு. ஆம்பளைங்க பொறுப்புல இருந்தப்ப குளியல் கூடமே காணாமப் போச்சு" என்றாள் ஜிபெக்.

போலோத்துக்கு விஷயம் விளங்கியது. மனுஷன் கோபப்படவில்லை; முகம்தான் கொஞ்சம் விழுந்தது. "அடுப்பு கட்டுற ஆளா? அவரு வீட்டுல உக்காந்திருக்காரு. கோக்-சாயில அஷாராம், போலோத்தக் கூப்பிட்டாங்களாம், என்னக் கூப்பிடலையாம்னு காலையிலேருந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காரு. பொண்டாட்டி ஊத்துன டீயக்கூடக் குடிக்கல." பிறகு கத்திகளைச் சுருட்டப் போனார்.

அஷாருக்கு வந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதா? பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சைரகுலின் மாமனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "எங்க பட்டியில ஒரு கிடா நிக்கிது. புடிச்சுட்டு வாங்க. வந்தவரு சும்மா போகக் கூடாது" என்றார். ஷரிப்பா வாயைத் திறந்தாள். பிறகு மாவைப் பார்த்துக்கொண்டு மூடிக்கொண்டாள்.

அதோடு அவர் நிற்கவில்லை. குதிரை இரண்டைக் கொண்டுவரச் சொன்னார். "மருமகளே, கால்ல இருக்கிற மண்ணக் கழுவு. நீ கூப்பிட்டது கூப்பிட்டதா இல்லாமப் போச்சு. நீதான் திரும்பப் போயிக் கூப்பிடணும். நான் வழித்துணைக்கு வர்றேன்."

மேட்டில் ஏறும்போதே பனி தொடங்கிவிட்டது. பொடிப் பனி, காற்று அதை முகத்தில் அள்ளி அடித்தது. மாமனார் முன்னால் போனார். சைரகுல் பின்னால். அவள் மனதில் இருபது கட்டில்களும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. தான் ஒரு சொல்லுக்குப் பயந்ததில் பிள்ளையின் வாழ்க்கையே போய்விடும் போலிருக்கிறதே என்று நினைத்தாள். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது.

தெமிர்பெக் தன் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லி மனுஷன், சோற்றுக் கரண்டி மாதிரி அகலமான கை. அவர் பெண்டாட்டி விருந்தாளிகளுக்கு விரிப்பு போட்டு, ரொட்டியும் வெண்ணெயும் வைத்து, உப்புப் போட்ட பால் டீ ஊற்றினாள். மாமனார் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். சைரகுல் வாசலோரமே நின்றாள்.

"அண்ணே, தப்பு நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காதீங்க. அடுப்ப இடிச்சுட்டோம். நீங்க வந்தாத்தான்..."

"எதுக்கு நான்? உங்களுக்குத்தான் போலோத் இருக்காரே. கத்தியால களிமண்ண வெட்டி நல்லாக் கட்டுவாரு."

"உங்களத்தான் அண்ணே நான் கூப்பிட்டேன். லாரிக்காரன் தப்பாப் போயிச் சொல்லிட்டான்."

"அவன் என்னத்தத் தப்பாச் சொன்னான்? போலோத்துன்னு நீ சொன்ன, போலோத்துகிட்டப் போனான். எனக்குன்னு எங்கப்பன் ஒரு பேரு வச்சிருக்கானா இல்லையா? பள்ளத்தாக்குல பாதி அடுப்பு நான் கட்டுனது. வீட்டுக்கு வீடு என் அடுப்புல குளிர்காயுறாங்க. ஒரு அஷாருக்குப் பேரு சொல்லிக் கூப்பிட ஆளில்ல."

"என்னால... அது வந்து..."

"பேரு சொல்லிக் கூப்பிடு. வர்றேன்."

அவர் பெண்டாட்டி பதறிப்போனாள். "ஏங்க, அந்தப் பொண்ணோட மாமனாரு பக்கத்துலயே உக்காந்திருக்காரு. என்ன பேச்சு இது?"

"நான் ஒண்ணும் மலையப் பேத்துத் தரச்சொல்லல. அஷாருன்னா பேரு சொல்லிக் கூப்பிடணும். அதுதான் வழக்கம்."

அவர் சொன்னதும் வழக்கம்தான். அவள் சொல்லாததும் வழக்கம்தான். சைரகுல் மாமனாரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

மாமனார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். நிதானமாகத் தன் தோல் தொப்பியின் காது மடல்கள் இரண்டையும் கீழே இறக்கினார். நாடாவை எடுத்துத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டார். அப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "வர்ற வழியில காத்துப் பட்டுருச்சு. காது ரெண்டும் அடச்சுக்கிச்சு. இனி எனக்கு ஒண்ணும் கேக்காது" என்றார், யாரிடம் என்றில்லாமல், கொஞ்சம் சத்தமாகவே.

சைரகுல் நிமிர்ந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"தெமிர்பெக் அண்ணே!" என்றாள். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். வாயை விட்டு வந்தது கூப்பாடு. பக்கத்து அறையில் குழந்தை விழித்து அழுதது. "தெமிர்பெக் அண்ணே, எங்க பள்ளிக்கூடத்துக்கு அஷார். நீங்க வரணும்!"

மாமனாரின் முதுகு அசையவே இல்லை. தெமிர்பெக்கின் முகம் சிவந்துபோயிற்று. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் இப்போது அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். "சரிம்மா, சரி. எதுக்கு இந்தக் கத்து கத்துற? ஏ, என் கரண்டி எங்க? மட்டக்கோலு எங்க?" என்று பெண்டாட்டியிடம் எரிந்து விழுந்துகொண்டே எழுந்தார்.

அப்புறம் நடந்தது வேலை. அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. தெமிர்பெக் வந்ததும் முதல் வேலையாகக் களிமண்ணைக் கையில் எடுத்து மூக்கில் வைத்து, "யாரு மிதிச்சது? இதுல கழுத நடந்த மாதிரி இருக்கு, மறுபடி மிதி" என்றார். மறுபடி மிதித்தார்கள். போலோத் ஊருக்குத் திரும்பவில்லை. கிடாயை அறுத்துக் கறி கொதித்துக்கொண்டிருந்தபோது சட்டையைக் கழற்றிவிட்டுச் செங்கல் எடுத்துக் கொடுத்தார். தெமிர்பெக் அவரைப் பார்த்து உறுமினார். அவர், "நீங்க கட்டுங்க, நான் கத்தி வச்சிருக்கேன், வளைஞ்சா வெட்டி விடுறேன்" என்றார். மேதெர் தன் தட்டைத் தானே தூக்கிப் பதித்தான். இரும்புத் தட்டு என்று எல்லாரும் சொன்னார்கள். சைரகுல் மட்டும் பழையபடி 'கெட்டித் தட்டு' என்றாள். ஜிபெக் அதற்கும் சிரித்தாள்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குச் சுவர் எழும்பியது. ஆனால் பச்சைச் சுவர். ஒரேயடியாக எரித்தால் மறுபடி வெடித்துவிடும். "சின்னத் தீ. ரொம்பச் சின்னத் தீ. அணையவும் கூடாது, ஏறவும் கூடாது. ஒரு கைப்பிடி வறட்டி, கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு கைப்பிடி. அடுப்ப விட்டுக் கண்ண எடுக்கக் கூடாது. ஆம்பளைங்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது" என்றார் தெமிர்பெக்.

அதைக் குழுதான் செய்தது. முறை போட்டுக்கொண்டு மூன்று பெண்களும் அடுப்பு வாயில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி தூங்கினால் இன்னொருத்தி. ஈரம் ஆவியாகி ஜன்னல் கண்ணாடியெல்லாம் வழிந்தது, துடைத்தார்கள். புகை கண்ணைக் கரித்தது. நடுவில் வீட்டுக்கு ஓடி மாட்டைக் கறந்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு மறுபடி வந்தார்கள். இதை எந்த ஆபீஸும் கேட்கவில்லை, எந்த ஆபீஸும் சொல்லித்தரவும் இல்லை. வறட்டியை ஒரு கைப்பிடி, இன்னொரு கைப்பிடி என்று போட்டு ஒரு பள்ளிக்கூடத்தை அவர்கள் காயவைத்தார்கள். எனக்கு இதைவிடப் பெரிய காரியம் எதுவும் தெரியாது.

திங்கட்கிழமை ஆபீஸ்காரர் வந்தார். நீளமான கோட்டு, கையில் தோல் பை, காலில் நகரத்து ஷூ. பனியில் வழுக்கி ஹெட்மாஸ்டர் தோளைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். குழுப் பெண்கள் உள்ளே போகவில்லை. மூஞ்சியெல்லாம் கரி. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

அவர் ஏதோ கேட்டார். ஹெட்மாஸ்டர் ஏதோ சொன்னார். சுவரில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி இரண்டு கையையும் வைத்தார். அப்படியே நின்றார். முதலில் கழுத்துத் துண்டை அவிழ்த்தார். பிறகு கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார். கோட்டையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு பெஞ்சின் ஓரத்தில் முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். அவர் ஆபீஸில் அடுப்பு எரிந்து எத்தனை நாள் ஆயிற்றோ, பாவம். வகுப்பு முடியும் வரைக்கும் அவர் எழுந்திருக்கவே இல்லை.

"மாட்டிட்டாருடி கோட்ட!" என்று ஜிபெக் அனாரின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பேசவே பேசாத அனார், "கக்கூஸ் கூரை ஒழுகுது" என்றாள். மூன்று பேரும் ஏணி தேடப் போனார்கள்.

சாயங்காலம் சைரகுல் வீட்டுக்கு வந்தபோது ஷரிப்பா அடுப்பில் ரொட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மாமனார் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். இன்றைக்குக் கிடைக்கும் என்று சைரகுல் தயாராகவே வந்தாள். கிடா போனது ஒன்று. ஆக்-தெரெக்கில் அவள் கத்தியது ஊர் முழுக்கத் தெரிந்தது இன்னொன்று.

"கத்துனியாமே" என்றாள் ஷரிப்பா.

"ஆமா அத்தே."

"சத்தமாவா?"

"கொஞ்சம் சத்தமாத்தான் வந்துருச்சு அத்தே."

ஷரிப்பா ஜன்னல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் இந்த வீட்டுக்கு வந்து இத்தன வருஷத்துல அந்தச் சொல்ல வாயில எடுத்ததில்ல. தூக்கத்துலகூட எடுத்ததில்ல" என்றாள். "எப்படிடி இருந்துச்சு? சொன்னப்ப?"

சைரகுல் யோசித்தாள். மாமியார் முகத்தில் கோபம் இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகமுடியாமல் போனவள் பந்தியில் என்ன போட்டார்கள் என்று கேட்கிற முகம்.

"ஒண்ணும் இல்ல அத்தே. வெறும் பேருதான்."

"வெறும் பேருதானா!" என்றாள் ஷரிப்பா. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். பிறகு, "பெர்மெத்து இனி ராத்திரி என்கிட்டப் படுக்கட்டும். நான் எப்படியும் நடுவுல எந்திரிக்கிறவதான், அவளையும் எழுப்பி வெளிய கூட்டிட்டுப் போறேன். நீ காலையில அந்தக் கூரை வேலைக்குப் போகணுமாமே, உன் ஜிபெக்கு தெரு முழுக்கக் கேக்குற மாதிரி சொல்லிட்டுப் போனா" என்றாள்.

வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் சைரகுல் நினைத்திருந்தாள். விடியுமுன்னே எழுந்து, திருட்டுத்தனமாய், அத்தனை போர்வைகளை அலசியிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தே?"

"ஏன், எனக்கு மூக்கு இல்லையா? உன் புருஷன் ஒன்பது வயசு வரைக்கும் அப்படித்தான்" என்ற ஷரிப்பா, சூடான ரொட்டியைப் பிய்த்து, பாதியை மருமகள் கையில் வைத்தாள்.